சில்லுக்குள் சந்தனம்

எங்கள் திணைக்களத்தின் வாகனப் பராமரிப்புச் சுற்றறிக்கை சில்லுகளுக்கென்று ஒரு பந்தி ஒதுக்கியிருக்கிறது. சில்லும் ஹப்பும் முகத்தோடு முகம் பொருந்தும் இடத்தில் எண்ணெய், வர்ணம், துரு, மண் முதலாய அந்நியப் பொருள் எதுவும் இருத்தலாகாது. கழற்றிப் பூட்டிய சில்லின் நட்டுகளைச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். ஒரு சில்லில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ரட் முறிந்தால் அந்தச் சில்லின் எல்லா ஸ்ரட்டுகளையும் மாற்ற வேண்டும். ஹப் என்பது சில்லு பூட்டப்படும் அச்சுத் தலை; ஸ்ரட் என்பது அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்று சில்லைப் பிடித்திருக்கும் மரையாணி. நட்டு ஏறுவது அதில்தான். புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலருக்கு இது தெரியாது என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பந்தியில் ஒரு குறையும் இல்லை. எழுதியவர் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதினாலும் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். அவர் செய்யாமல் விட்ட ஒன்று, விஜயதசமியன்று, வாணி விழா என்று வாகனங்களுக்கும் பூசை நடக்கையில், யாழ்ப்பாணத்தில் ஒரு வேலைத்தலத்துக்கு வந்து பார்ப்பது.

அந்த வேலைத்தலத்துக்கு நான் பொறுப்பாக இருந்த காலத்தில் யோகன் எங்கள் அமையச் சாரதி. அமையம் என்பதன் பொருள், ஒருநாள் காலையில் பிராந்தியப் பொறியியலாளர் ‘இவர் இனித் தேவையில்லை’ என்று ஒரு வரி எழுதினால் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது. விசாரணை கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. யோகன் அப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டார். நான் சொல்லப்போகும் வருடத்தில் அவருடைய நிரந்தர நியமனத்துக்கான கோப்பு ஒருவழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. வயதெல்லையைத் தாண்ட அவருக்கு ஒரு வருடம்கூட மிச்சமில்லை. இந்த முறை தவறினால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. உடுவிலில் இருக்கும் அவருடைய மனைவி வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோப்புக்காக அர்ச்சனை செய்தார். கோப்பின் நட்சத்திரம் தெரியாதபடியால் யோகனின் நட்சத்திரத்தைச் சொன்னார்.

யோகனிடம் ஒரு குறைதான் இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

விஜயதசமி கழிந்து கொஞ்ச நாள். பிராந்தியப் பொறியியலாளரும் நானும் சண்டிலிப்பாயில் ஒரு வேலையைப் பார்வையிட்டுவிட்டுச் சுன்னாகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிராந்தியப் பொறியியலாளரை இனிச் ‘சேர்’ என்கிறேன். அலுவலகத்தில் அவருக்கு வேறு பெயர் இருக்கவில்லை. சுன்னாகத்தில் மேலதிகப் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்து காத்திருந்தார். சேர் அதற்கென்றே புது வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். யோகன் ஓட்டினார்.

முன்பக்கத்து இடது சில்லிலிருந்து ஒரு தட்டல் கேட்டது. பிறகு ஸ்ரியரிங் ஆடத் தொடங்கியது. சேர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, பரவாயில்லை, றோட்டுப் பிழை என்றார். யோகன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெங்காயத் தோட்டமொன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். அவருக்கு எதிராக எழுதப்பட்ட எந்தக் காகிதத்திலும் இந்த ஒரு செயல் இடம்பெறவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஐந்து ஸ்ரட்டில் இரண்டு முறிந்து, நட்டோடு எங்கோ விழுந்திருந்தன. ஒன்றின் மரை சப்பித் துப்பியதுபோலக் கிடந்தது. மற்ற இரண்டும் பார்வைக்கு நல்லபிள்ளைகள். மிஞ்சியிருந்த மூன்று நட்டுகளையும் விரலாலேயே திருப்பலாம்.

“மூண்டு இருக்குத்தானே மிஸ்,” என்றார் சேர். “இறுக்கிப்போட்டு மெல்லமாப் போவம். சுன்னாகம் உந்தா கிடக்கு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் உத்தியோக வாழ்க்கையில் இந்த வசனத்தை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். சொல்பவர் முட்டாளாக இருக்கமாட்டார்; உங்களைவிடக் கூடப் படித்தவராக, அவசரத்தில் இருப்பவராக இருப்பார். முறிந்த ஸ்ரட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அது செய்யக்கூடிய கெடுதி அத்தனையையும் செய்து முடித்துவிட்டது. முறியாமல் நிற்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். மற்றவை போனபின் முழுப் பாரத்தையும் அதுதான் இழுத்திருக்கிறது. உள்ளே எவ்வளவு களைத்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. அலுவலகத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அதை வேறொரு நாள் கதைக்கலாம்.

நான் முடியாது என்றேன். சேருக்கு அது புதிய சொல்.

“அங்க டிறெக்டர் இருக்கிறார்.”

“அவர் இருக்கட்டும் சேர். நாங்களும் இருக்கவேணுமெல்லோ.”

ஒரு வாகனத்தை ஓடவிடாமல் நிறுத்தும் அதிகாரம் வேலைத்தலப் பொறுப்பாளருக்கு உண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த அதிகாரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் அதிகாரத்தை நடுறோட்டில் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே யோகனிடம் வண்டித் திறப்பை வாங்கி என் கைப்பைக்குள் போட்டு மூடினேன். நிர்வாகத்தில் இதைத் தீர்மானம் எடுத்தல் என்பார்கள்.

அந்த நேரம் வெங்காய மூட்டைகளோடு ஒரு லான்ட்மாஸ்ரர் வந்து நின்றது. ஓட்டிவந்த தோட்டக்காரர் இறங்காமலே சில்லைப் பார்த்தார், சேரைப் பார்த்தார், கடைசியாக என்னிடம் கேட்டார்.

“என்ன தங்கச்சி, கவுண்மேந்துக் காருக்கு நட்டு இறுக்கவும் கையெழுத்து வேணுமோ?”

வேணும், அதுதான் சுணக்கம் என்றேன். சுன்னாகம் சந்தைக்குத்தான் போவதாகச் சொன்னார். சேர் இரண்டு நிமிடம் வானத்தைப் பார்த்தார். பிறகு ஏறி வெங்காய மூட்டையின்மேல் அமர்ந்தார். மேலதிகப் பணிப்பாளரின் கூட்டத்துக்கு எங்கள் பிராந்தியம் அன்று இரட்டைச் சில்லு உழவு இயந்திரத்தில், செம்மண் பூசிய சேட்டோடு, கொஞ்சம் வெங்காய வாசத்தோடு போய்ச் சேர்ந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் போனபிறகு ஜக் வைத்துச் சில்லைக் கழற்றச் சொன்னேன். யோகன் கழற்றினார். ஹப்பின் முகத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது. துரு அப்படி இராது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன். தொழிற்படிப்பில் எனக்கு வாசனைகளைப் பற்றி எவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் கோயிலுக்குப் போன எவருக்கும் அது தெரியும்.

“யோகன், உதென்ன?”

“சந்தனம், மிஸ்.”

“ஆர் பூசினது?”

“நான்தான். வாணி விழாவுக்கு.”

“சில்லுக்கு உள்ளுக்கோ?”

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “வெளியில பூசுறது சனம் பாக்க, மிஸ். உள்ளுக்குப் பூசுறதுதான் அம்மாளாச்சிக்கு.”

அவருடைய தர்க்கத்தில் பிழை இல்லை, பிழை சந்தனத்தில். குழைத்த சந்தனத்தை ஹப்பில் அப்பிச் சில்லைப் பூட்டினால் நட்டு நன்றாக இறுகியதாகத்தான் கைக்குத் தெரியும். சந்தனம் காயும், வெடிக்கும், மாவாகிக் கொட்டும். அது விட்ட இடைவெளியில் சில்லு ஆடத் தொடங்கும். சில்லு ஆடினால் ஸ்ரட் முறியும். இவ்வளவுதான் விஞ்ஞானம்.

மறுபடி இறுக்கிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். இவர் தினமும் காலையில் நட்டுகளைச் சோதிக்கும் மனிதர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டேன். யோகன் கழற்றிய நட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அதன் தலையில் அழிந்தும் அழியாமலும் ஒரு குங்குமப் பொட்டு.

“நட்டு இறுக்கிற சாவி போட்டால் பொட்டு அழிஞ்சிடும் மிஸ். அது தானா அழியட்டும், பேந்து இறுக்குவம் எண்டு விட்டனான்.”

அந்த வருடம் மழையும் பிந்தியிருந்தது.

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை வாகனத்துக்கு இப்படிப் பூசினீர் என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும்தான் மிஸ். ஓரவஞ்சனை காட்டக்கூடாதெல்லோ.”

வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு வாகனமும் வாசலைத் தாண்டக்கூடாது என்றேன். தாண்டியிருந்தது ஒன்று. பின்பெட்டி நிறைய வேலையாட்களோடு ஒரு பிக்கப் தென்மராட்சிப் பக்கம் போயிருந்தது. அதன் சாரதிக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியில் கதைக்கக்கூடாது என்ற சுற்றறிக்கையை எங்கள் பிராந்தியத்தில் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். யோகன் பக்கத்தில் நின்று சில்லைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவாரமாக இருக்கலாம். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் அதைவிட நல்ல திட்டம் என்னிடமும் இருக்கவில்லை.

கடைசியில் அந்தச் சாரதியே எடுத்தார். கொடிகாமத்தில் தேநீர்க் கடையில் நிற்பதாகச் சொன்னார். ஆட்களை இறக்கிவிட்டு நட்டுகளைக் கையால் திருப்பிப் பாரும் என்றேன். போனவர் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. பின்சில்லொன்றில் நட்டுகள் கையோடு வருகின்றன என்றார். அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள் என்றேன்.

ஸ்ரட்டுகளை எப்படி மாற்றினோம் என்று எழுதப்போவதில்லை. கையேட்டில் படத்தோடு இருக்கிறது, படத்தையாவது பாருங்கள். ஒன்று மட்டும். சுன்னாகத்தில் லேத் வைத்திருந்த ஒருவர் பின்னேரத்துக்கிடையில் ஐந்தையும் கடைந்து தருவதாகச் சொன்னார். அவர் கைக்கு வந்த இரும்பைக் கடைந்து தருவார். கதவுப் பிணைச்சலுக்கு அது நல்லது. சில்லுக்கு நான் கொம்பனி ஸ்ரட்டுகள் வரும்வரை காத்திருந்தேன். முறிந்த இரண்டோடு, மரை போன ஒன்றையும் நல்லபிள்ளையாக நின்ற இரண்டையும் சேர்த்து, ஐந்தையும் கழற்றிப்போட்டேன். நல்லபிள்ளைகளில் ஒன்றை வைஸில் பிடித்து வளைத்துப் பார்த்தோம், மெழுகுதிரிபோல முறிந்தது.

அடுத்த நாள் சேர் என்னைக் கூப்பிட்டார். செம்மண் போய்விட்டது, கோபம் போகவில்லை. மேலதிகப் பணிப்பாளர் கூட்டத்தில் வெங்காய விலையைப் பற்றி விசாரித்தாராம். அன்றைக்குள் அறிக்கை வேண்டும் என்றார். அதற்கான தலைப்பையும் அவரே தந்தார்: சாரதியின் கவனயீனம்.

“அமைய ஆள்தானே மிஸ். ஒரு வரியில முடியிற அலுவல்.”

உண்மைதான், ஒரு வரிதான். அந்த வரியோடு கொழும்பில் இருக்கும் நியமனக் கோப்பும் முடியும். யோகன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்த கார்.

களஞ்சியப் பொறுப்பாளர் நல்ல மனிதர். இரகசியமாக வந்து ஒரு வழி சொன்னார். “உலோகக் களைப்பு எண்டு எழுதிவிடுங்கோ மிஸ். உலோகம் வந்து மறுக்கப்போகுதே?” யோகனைக் காப்பாற்ற அது போதும். ஆனால் உலோகத்தின் தலையில் பழியைப் போட்டால், அடுத்த விஜயதசமிக்கும் உலோகம் களைக்கும். அப்போது பின்பெட்டியில் இருப்பவர்கள் தேநீர் குடிக்க இறங்கியிருக்கமாட்டார்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதினேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, அறிக்கையில் பொய் எழுதாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? பொய் எழுதத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். உண்மையைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை எழுதினால் அதுவே பலரை மௌனமாக்கும். எல்லா வாகனங்களின் ஹப்பிலும் சந்தனம் இருந்தது என்று எழுதினேன். பூசியவர் யோகன் என்று எழுதினேன். பூசியது வாணி விழாவில் என்றும், அவ்விழா பிராந்தியப் பொறியியலாளரின் தலைமையில் நடந்தது என்றும், கழற்றிய சில்லுக்குப் பின்னாலிருந்த ஹப்பில் முதற்பொட்டை வைத்தவர் அவரே என்றும் எழுதினேன். நான் அன்று லீவு. ஆனால் படம் இருந்தது. வேட்டி சால்வையோடு, ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறுகையின் மோதிரவிரல் ஹப்பிலுமாகச் சேர் நிற்கும் படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்டிருந்தார். கைகூப்பும் பொம்மைகள் நிறைய விழுந்திருந்தன. அதை அச்செடுத்துப் பின்னால் குத்தினேன்.

சேர் முதற்பக்கத்தைத் தலையாட்டியபடி வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் தலை நின்றது.

“உதென்ன மிஸ், படம்?”

“இணைப்பு ஒன்று, சேர்.”

“உது வாணி விழாப் படமெல்லோ.”

“ஓம். வடிவா வந்திருக்கு.”

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல படம்தான், பொட்டு வைத்த இடம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தால் முதற்சாட்சி யாரென்று அவருக்கு விளங்கியது. மெல்ல, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

“கேப்பம் சேர்.”

“ஆரை?”

“தலைமை அலுவலகத்தை. சந்தனம் அந்நியப் பொருளோ இல்லையோ எண்டு சுற்றறிக்கையில இல்லை. அவை சொல்லட்டும்.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு சுற்றறிக்கையின் பந்திக்கு விளக்கம் கோரப்பட்டிருக்கும்போது, பதில் வரும்வரை அந்தப் பந்தியின் கீழ் எவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாகாது. இது எங்கள் நடைமுறைக் கோவையில், எவரும் வாசிக்காத பின்பகுதியில் இருக்கிறது. கேள்வி கேட்பது வேலையை நிறுத்தும். எந்த வேலை நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சேர் ஒப்பமிட்டார். அவ்வளவு வேகமாக அவர் ஒப்பமிட்டதை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

வேலைத்தலத்துக்கு மட்டும் அன்றே ஓர் உத்தரவு போட்டேன். அதற்கு எவரையும் கேட்கவில்லை. ஹப்பில் எதுவும் பூசப்படாது. முதலில் இறுக்குவது, பிறகு பொட்டு. பொட்டு அழிந்தால் மறுபடி வைக்கலாம்; குங்குமத்துக்கு இங்கே தட்டுப்பாடில்லை. யோகன் அதை வாசித்துவிட்டு, இது அம்மாளாச்சிக்கும் சம்மதமாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த நாளிலிருந்து காலையில் எல்லா வாகனத்தின் நட்டுகளையும் அவரே சோதித்தார். மிதமிஞ்சி இறுக்கி ஸ்ரட்டை இழுத்துவிடுவாரோ என்று பயந்து, இறுக்கத்தை அளக்கும் சாவியை வாங்கிக் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது தலைமை அலுவலகத்தில் எங்களுடைய இரண்டு கோப்புகள் கிடந்தன. ஒன்று யோகனின் நியமனம், மற்றது சந்தனம். நியமனம் முந்தினால் யோகன் தப்புவார்; நிரந்தர ஊழியரை ஒரு வரியில் அனுப்ப முடியாது, குற்றப்பத்திரம், விசாரணை, சாட்சி எல்லாம் வேண்டும். சாட்சியை நீங்கள் அறிவீர்கள். சந்தனம் முந்தினால் எல்லாம் முடிந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே வேகத்தில் நகர்ந்தன. அந்த வேகத்தைப் பற்றி நான் பலமுறை முறையிட்டவள். அந்த மாதங்களில் வாய் திறக்கவில்லை.

யோகன் தபால் வரும் நேரம் பார்த்து என் அறை வாசலுக்கு வருவார்.

“பதில் வந்ததோ மிஸ்?”

“எந்தப் பதில்?”

“ஏதோ ஒண்டு.”

“ஏதோ ஒண்டு வரக்கூடாது யோகன். எது வரவேணும், எது வரக்கூடாது எண்டு தெளிவாச் சொல்லிக் கும்பிடும்.”

“நான் பொதுவாத்தான் கும்பிடுறனான் மிஸ். அம்மாளாச்சிக்குத் தெரியும்.”

கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் பேசினார். சந்தன விடயத்தை உடனே முடித்துவிடப்போவதாக உற்சாகமாகச் சொன்னார். இப்படிப்பட்டவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தேவையான ஆவணங்கள் அனைத்தையும் அனுப்புவதாகச் சொன்னேன். சுற்றறிக்கையை மூன்று மொழியிலும், அதன் திருத்தங்களையும், திருத்தங்களின் திருத்தங்களையும், சந்தனத்தின் சிறு மாதிரியொன்றைப் பொதி செய்தும் அனுப்பினேன். அதன்பின் அவர் பேசவில்லை.

தை போனது. மாசி, பங்குனி போயின. சித்திரையில் சேர் இடமாற்றம் பெற்றுப் போனார். போகும்போது அந்தப் படத்தின் பிரதி வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். கோப்பில் இருக்கிறது என்றேன். யோகனின் வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி வெள்ளியோடு செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார். யோகன் வாசலுக்கு வந்து நிற்பார், கேட்கமாட்டார்.

தலைமை அலுவலகத்தின் பதில் தெளிவாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தனம் அந்நியப் பொருளே. அதைப் பூசிய அமையச் சாரதியின் சேவையை இக்கடிதம் கண்டவுடன் முடிவுறுத்துக. கடிதத்தின் தலையில் இருந்த திகதி தைப்பொங்கலுக்கு முந்தியது. அந்த இளம் அதிகாரி சொன்னபடியே வேகமாக முடித்திருக்கிறார். ஆனால் உறையை மேசையில் வைத்துப் பார்த்தபோது அதில் வேறொரு கிளையின் முத்திரை இருந்தது. எவரோ முகவரியை மாற்றி எழுதி, தெற்கே அனுப்பி, அங்கே அது யாருக்கும் சொந்தமில்லாமல் பல மாதம் கிடந்துவிட்டு, ஒருநாள் யாரோ ஒருவருடைய மேசை சுத்தமாக்கப்பட்டபோது வடக்கே புறப்பட்டிருக்கிறது. தபாற்பையை அன்று அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் யோகன்.

அவர் நிரந்தரச் சாரதியாகக் கையொப்பமிட்டது ஆனி உத்தரத்தன்று. அந்தப் பதில் என் கைக்கு வந்தது ஆடிப்பிறப்பன்று.